முகமூடிக்குள்ள முயல்

அந்தச் சேர் வேண்டாங்க. இதுல உக்காருங்க. அது ரவூஃப் உக்கார்ற சேர், ஒரு கால் ஆடும். பரவால்லைன்னு நீங்க சொல்லுவீங்க, எனக்குப் பரவால்லாம இல்லை. இதுல உக்காந்தாத்தான் நான் பேசறப்ப உங்க மூஞ்சி எனக்குத் தெரியும். ஆ, அப்படி. டீ சொல்லீட்டனுங்க. காபிதான் குடிப்பீங்களா? இன்னைக்கு டீயே குடிங்க. இந்தப் பக்கம் காபின்னு ஒண்ணு போடறானுங்க, பாத்திரங் கழுவுன தண்ணிகூட அதைவிடத் தெளிவா இருக்கும்.

ஜெராக்ஸ் கடையில நான் ஒட்டுன நோட்டீஸைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? பேங்க்ல மாத்தலாகித் திருப்பூர் வந்திருக்கறதாப் போன்ல சொன்னீங்க. தஞ்சாவூர்ப் பக்கமா? பேச்சுலயே தெரியுது. இருக்கட்டும், அதைப் போகப் போகச் சரி பண்ணிக்கலாம்.

ரோல் பிளேயிங் கேம் காலேஜ்லயே ஆடியிருக்கறேன்னு சொன்னீங்க. அது கெடக்குது. நான் ஒருதரம் சொல்லீர்றேன். இந்த மேசையைச் சுத்தி உக்காந்து வாயாலயே ஆடற ஆட்டம். ஒருத்தர் கதை நடத்துவாரு, அவருக்குக் கேம் மாஸ்டர்னு பேரு. அது நானு. மத்தவங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நீங்க ஒரு திருடன்னு வைங்க. பூட்டை ஒடைக்கறேன்னு சொன்னீங்கன்னா டைஸை உருட்டோணும். தாயக்கட்டையாட்டத்தான், பக்கம் மட்டும் இருவது. விழற எண்ணைப் பாத்து, பூட்டு ஒடைஞ்சுதா, உங்க கை ஒடைஞ்சுதான்னு நான் சொல்லுவேன். நான் சொன்னாச் சொன்னதுதான்.

வருசக்கணக்கா ஞாயித்துக்கெழமை ஆனா இந்த மேசை நெறஞ்சிருக்கும்ங்க. மூணு பேரு. ரவூஃப், சாயப்பட்டறை லேப்ல கலர் கலக்கறவன். நந்தகோபால், ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறான், எதுக்கெடுத்தாலும் கெக்கெக்கேன்னு சிரிப்பான். கோகிலவாணி, ஸ்கூல் டீச்சரு. மூணு பேரும் என்னை அண்ணா, அண்ணான்னுதான் கூப்புடுவாங்க. காலையில வந்தா, சாயங்காலம் நான் முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க.

எந்திரிக்க விடமாட்டேங்க. ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமல்ல? உள்ள வந்ததும் போனையெல்லாம் வாங்கி இட்லிக் குண்டாவுல போட்டு மூடீருவேன். நந்தகோபால் சிரிச்சா, அடுத்த ரவுண்டு அவன் வாயைத் தொறக்கக்கூடாது. கோகிலவாணி எதாச்சும் சொன்னான்னா, "அப்படிச் சொல்லாத கண்ணு, இப்படிச் சொல்லு"ன்னு திருத்துவேன். முதல்ல மொணமொணன்னு எதுத்துப் பேசிக்கிட்டிருந்தவ, வரவர ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி என்ற மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் பேசுவா. அந்தளவுக்குத் தேத்தி வச்சிருந்தேன்.

என்ற தொழில் அப்படிங்க. பனியன் கம்பெனியில க்யூசி. கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கறவன் நானு. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் பிசிறு, கண்ணு தானாப் போய் அதுமேல விழும். நல்ல பீஸ் என்ற கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கோளாறு இருந்தாத்தான் தெரியும்.

போன சித்திரையில நந்தகோபால்தான் ஆரம்பிச்சான். "அண்ணா, ராஜா, குதிரை, மந்திரவாதி எல்லாம் போதுமுங்ணா. சூப்பர் ஹீரோ கதை ஒண்ணு நடத்துங்க. நல்லா இருட்டா இருக்கோணும்." எனக்கும் அது புடிச்சிருந்துச்சு. நுவார்னு சொல்லுவாங்க பாருங்க, நல்லவன் கெட்டவன்னு வித்தியாசமில்லாம எல்லாருமே அழுக்கா இருக்கற கதை. மழை பேஞ்சுக்கிட்டே இருக்கும். தெருவெளக்குக்கு அடியில நீளக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒரு முகமூடிக்காரன் நிப்பான். அவன் ஜெயிக்க மாட்டான். ஜெயிச்சாலும் சந்தோசப்பட மாட்டான். அதாங்க கதை.

"ஏனுங்ணா, நம்ம ஊரையே வச்சு நடத்தலாமே?"ன்னா கோகிலவாணி.

"நம்ம ஊர்ல என்ன கண்ணு இருட்டு இருக்குது? கரண்டு போனாத்தான் இருட்டு"ன்னேன். நந்தகோபால் சிரிச்சான். ஒரு ரவுண்டு கட்.

சும்மா மனசுல தோணுனதை அடிச்சு விடறவன் இல்லைங்க நானு. எனக்குச் சரக்கு வேணும். இங்கிலீஷ்ல கொட்டிக் கெடக்குதுன்னு நந்தகோபால் போன்லயே காட்டுனான். எனக்கு அது ஆகாது. ஆட்டம் தமிழ்ல நடக்குது, வசனம் தமிழ்ல வேணும். அந்தக் காலத்துல சாணிப் பேப்பர்ல, கருப்பு வெள்ளையில, கையில மை ஒட்டற மாதிரி காமிக்ஸ் வருமே, அதுல இருட்டானது ஒண்ணு கெடைச்சாப் போதும், ஒரு வருசத்துக்கு ஆட்டம் நடத்தீருவேன். "நான் தேடிக் கொண்டாறேன், அது வரைக்கும் மேசை ஆறிப்போகாமப் பாத்துக்க"ன்னு கோகிலவாணி கையில வீட்டுச் சாவியைக் குடுத்தேன். நம்பித்தானுங்க குடுத்தேன்.

அப்புறம் பட்ட சீரழிவைக் கேளுங்க.

பழைய பேப்பர் கடை ஒண்ணு விடலை. மூட்டைக்குள்ள கையை விட்டா என்ன வருதுன்னு தெரியாது. ஒரு புத்தகத்தைப் பிரிக்கறேன், நடுப்பக்கத்துல கரப்பான்பூச்சி, இஸ்திரி போட்டாட்டத் தட்டையா ஒட்டிக்கிட்டிருக்குது. சீ! அது கால் இருந்த எடத்துலதான் ஹீரோவோட மொகரை. இன்னொண்ணுல ரெண்டு பக்கம் முழுக்கக் கருப்பு, ஒண்ணுமே தெரியலை. ஆகா, இதாண்டா இருட்டுன்னு சந்தோசப்பட்டுட்டேன். பாத்தா, அச்சடிக்கறப்ப மை ஒழுகியிருக்குது.

கதைன்னு எழுதியிருக்கறானுங்க பாருங்க, த்தூ! முகமூடி போட்டிருக்கறான், இடுப்புல கத்தி இருக்குது, அட்டையில மண்டையோடு. உள்ள என்ன பண்றான்? பள்ளிக்கூடத்து மணியைத் திருடுனவனைப் புடிக்கறான். புடிச்சுட்டு, கடைசிப் பக்கத்துல நம்மளைப் பாத்து, "குழந்தைகளே, தினமும் இரண்டு வேளை பல் துலக்குங்கள்"ங்கறான். மண்டையோட்டுக்கும் பல்லுக்கும் என்னடா சம்பந்தம்? சரி, சம்பந்தம் இருக்குது. ஆனா நுவாருக்கும் பல்லுக்கும் இல்லையே?

அதுக்கப்புறம் சேகரிக்கறவங்க பக்கம் போனேன். அவங்களுக்குன்னு ஒரு வாட்சப் குரூப் இருக்குதுங்க. அதுல கதையைப் பத்தி ஒரு ஈ காக்கா பேசாது. அட்டை மடங்கியிருக்குதா, பின்னு துருப்புடிச்சிருக்குதா, ஓரத்துல பூச்சி அரிச்சிருக்குதா, இதேதான் பேச்சு. நான் போய், "இருட்டான சூப்பர் ஹீரோ கதை எது நல்லாருக்கும்?"னு கேட்டனுங்க. "எந்தக் கண்டிஷன்ல வேணும்?"னு ஒருத்தன் கேக்கறான். படிக்கற கண்டிஷன்லடான்னு சொன்னேன். என்னைய ஒரு வாரம் குரூப்ல இருந்து தூக்கீட்டானுங்க.

தூக்குனாலும் ஒரு தகவல் கெடைச்சுருச்சு. 'சாம்பல் முகமூடி'ன்னு ஒரு புத்தகம் வந்துதாம். ஒரே ஒரு இதழ். அதோட அந்தப் பிரஸ்ஸே மூடிக்கிச்சாம். அதுல ஹீரோ கடைசியில சொந்தத் தம்பியையே போலீஸ்ல காட்டிக் குடுத்துட்டு மழையில நடந்து போவானாம். படிச்சவன்னு ஒருத்தனும் கெடையாது, படிச்சவனைத் தெரிஞ்சவனைத் தெரிஞ்சவங்கதான். பிரதி ஒண்ணே ஒண்ணு ஈரோட்டுல சிதம்பரநாதன்னு ஒருத்தர்கிட்ட இருக்குதாம். மஞ்சள் மண்டி வச்சிருந்தவரு.

டீ வந்துருச்சு. குடிங்க, ஆறக்கூடாது. சக்கரை தூக்கலா இருக்கும், அப்படித்தான் போடச் சொன்னேன்.

ஈரோட்டுக்குப் போனனுங்க. ஒரு ஞாயித்துக்கெழமையா, ரெண்டா? ஞாயித்துக்கெழமை ஆனா அங்கதான். அந்தாளு வீட்டுக்குள்ள போறதுக்கே கையை சோப்புப் போட்டுக் கழுவோணும். ஃபேன் போட மாட்டாரு, தாள் பறக்குமாம். கத்திரி வெய்யில்ல, ஜன்னல் மூடுன ரூம்ல, அந்துருண்டை நாத்தத்துல, அந்தாளும் நானும் எதிரெதிரா வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். பீரோவுல இருந்து பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்ட ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவாரு. தொட விடமாட்டாரு. அவரு நகத்துக்குள்ள இன்னும் மஞ்சள் இருந்துச்சுங்க.

கடைசியில ஒருநாள் 'சாம்பல் முகமூடி'யை எடுத்தாரு. அட்டையைப் பாத்ததும் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுருச்சு. மழை. தெருவெளக்கு. கோட்டுக்காரன் குனிஞ்சு நிக்கறான், கையில இருந்து சொட்டறது தண்ணியா, ரத்தமான்னு தெரியலை.

"கதை எப்படிங்க இருக்கும்?"னு கேட்டேன்.

"கதையெல்லாம் தெரியாதுங்க. படிச்சதில்லை"ங்கறாரு.

"ஏனுங்க?"

"பிரிச்சா முதுகு உடைஞ்சிருமுங்க."

"அப்ப எதுக்குங்க வச்சிருக்கறீங்க?"

பொண்ணு பாக்கப் போன எடத்துல ரெண்டாவது வடை கேட்டாட்ட என்னை ஒரு பார்வை பாத்தாருங்க. நாய் பெத்த தெங்கம்பழம்னு சொல்லுவாங்க. தானும் திங்காது, அடுத்தவனையும் திங்க விடாது. எனக்கு அந்தாளு பேச்சு, அந்த வேர்வை, அந்த அந்துருண்டை எல்லாஞ் சேந்து குமட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா புத்தகம் அங்கதானே இருக்குது.

விக்க மாட்டாரு. கேட்டாவே பாவம். இவங்களுக்குள்ள ஒரு வழக்கம், எதையும் மாத்திக்கறதுதான். இவன்கிட்ட இருக்கறது அவனுக்கு, அவன்கிட்ட இருக்கறது இவனுக்கு. என்கிட்ட என்ன இருக்குது? அப்பத்தான் என்ற போன்ல படத்தைப் பாத்தாரு. ரவூஃப் செஞ்ச பொம்மைங்க.

அதைச் சொல்லலையே நானு. நாங்க ஆடுன ஒவ்வொரு கதைக்கும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ரவூஃப் ஒரு பொம்மை செய்வான். பைப் ஓட்டை அடைக்கற எம்-சீல் பசையை உருட்டி, கட்டைவெரல் ஒசரத்துக்கு. லேப்ல மிஞ்சற கலரையெல்லாம் கொண்டுவந்து ஒத்தை முடி பிரஷ்ல தீத்துவான். சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியும். செத்துப்போன பாத்திரம்கூட இருக்கும், கண்ணை மூடுன மாதிரி திருப்பித் தீத்தி வச்சிருப்பான். எல்லாம் ஒரு ஷூ பொட்டியில பஞ்சு போட்டு என்ற வீட்லதான் இருந்துச்சு. என்ற வீட்ல இருந்தா என்றதுதானே?

பொட்டியை அப்படியே ஈரோட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். அதுக்குப் பதிலா புத்தகத்தைக் குடுக்க மாட்டாராம். ஒரு தடவை பாத்துக்கலாமாம். அதுவும் அவரு கையால பிரிப்பாராம்.

எப்படிப் பிரிச்சாருன்னு கேளுங்க. புத்தகத்தை மொசைக் தரையில நட்டமா நிறுத்திக்கிட்டாரு. ரெண்டு வெரக்கடை அகலத்துக்கு மட்டும் பிரிச்சுப் புடிச்சாரு. அதுக்குமேல பிரிச்சா முதுகு போயிருமாம். நான் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில வச்சு, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு, பேனா டார்ச்சை அடிச்சு அந்தச் சந்துக்குள்ள பாக்கோணும். ஐம்பது வயசுல, அடுத்தவன் வீட்டுத் தரையில, பல்லி மாதிரி கெடந்தனுங்க. மூச்சு மேல படக்கூடாதுன்னு வேற சொன்னாரு.

மொதப் பக்கம். ஒரு முயலு.

கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தேன். முயலுதான். கேரட் கடிச்சுக்கிட்டு நிக்குது. சரி, முன்னாடி குழந்தைகளுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருப்பானுங்க, அடுத்ததைத் திருப்புங்கன்னேன். அடுத்ததுல முயலும் ஆமையும் கல்யாணத்துக்குப் போகுதுங்க. அதுக்கடுத்ததுல ஆமை பாயசம் குடிக்குது. கடைசி வரைக்கும் திருப்பச் சொல்லிட்டேன். அட்டை மட்டும் சாம்பல் முகமூடி. உள்ள பூராவும் முயலு. எந்தப் புண்ணியவானோ பைண்டிங்ல அட்டையை மாத்தி ஒட்டியிருக்கறான். இத்தனை வருசமா இந்தாளு ஒரு தடவை பிரிச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

எந்திரிச்சு விசயத்தைச் சொன்னனுங்க. நம்பலை. அவரும் தரையில படுத்துப் பாத்தாரு. எனக்குப் பயமாயிருச்சு, வயசான மனுசன், நெஞ்சு கிஞ்சு அடைச்சு என்னமாச்சும் ஆயிருமோன்னு. எந்திரிச்சாரு. கண்ணுல தண்ணி. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, "தப்பு பைண்டிங்குங்க! உலகத்துலயே இது ஒண்ணுதானுங்க!"ங்கறாரு. சம்சாரத்தைக் கூப்புட்டு வெளக்கேத்தச் சொல்றாரு. குரூப்புக்குப் போன் பண்றாரு. கண்டுபுடிச்சுக் குடுத்தவருன்னு என்ற பேரையும் சொல்றாரு. நல்ல கதை ஒண்ணு இல்லைன்னு நான் எரிஞ்சு நிக்கறேன், இந்தாளு குப்பையைக் கும்பிட்டுக்கிட்டிருக்கறாரு. எனக்கு அங்கயே வாந்தி எடுத்துரலாம்னு இருந்துச்சு.

"பொட்டியத் திருப்பிக் குடுத்துருங்க"ன்னேன்.

"நீங்க கேட்டது பாக்கறதுக்குத்தானுங்க. பாத்தாச்சில்லீங்க"ன்னாரு. அதுக்குள்ள ரவூஃப் பொம்மை ஒவ்வொண்ணையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில போட்டு அலமாரியில அடுக்கீட்டாரு. பொறவு நான் என்ன பண்றதுங்க?

வெறுங்கையோட திரும்பி வந்தேன். வந்தா, இங்க என்ன நடந்துக்கிட்டிருக்குது? இந்த மேசையில, இந்தச் சேர்ல, நீங்க உக்காந்திருக்கறதுக்கு எதுக்கால, கோகிலவாணி உக்காந்து கதை நடத்திக்கிட்டிருக்கறா! மேசை ஆறாமப் பாத்துக்கன்னா, அடுப்பையே பத்த வச்சிருக்கறா. மூணு பேரும் சுத்தி உக்காந்து, ஜன்னலைத் தொறந்து போட்டு, மிச்சர் தின்னுக்கிட்டு. போனு அவங்கவங்க பாக்கெட்டுலயே இருக்குது.

ரவூஃப் என்னைப் பாத்ததும் கேட்டது ஒண்ணுதான். "அண்ணா, பொட்டி எங்கீங்க?"

"ஈரோட்டுல பத்திரமா இருக்குது. நல்ல எடத்துல இருக்குது. உறையெல்லாம் போட்டு வச்சிருக்கறாரு"ன்னேன். கொஞ்ச நேரம் அவன் கையையே பாத்துக்கிட்டிருந்தான், அவ்வளவுதான். பெருந்தன்மையான பையங்க. வேற ஒருத்தனா இருந்தா சண்டைக்கு வந்து ஓரியாட்டம் பண்ணியிருப்பான்.

சரி, எந்திரிங்க, நான் ஆரம்பிக்கறேன்னேன். கோகிலவாணி, "இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கெழமைதானுங்ணா. முடிவு மட்டும் பாக்கி. நீங்களும் ஒரு ஆளா உக்காருங்க"ன்னா. மொத தடவையா என்ற மூஞ்சியைப் பாக்காமப் பேசுனா. நானும் பெரிய மனசு பண்ணி அடுத்த ஞாயித்துக்கெழமை உக்காந்தேன்.

கதையைக் கேளுங்க, உங்களுக்கே சிரிப்பு வரும். நம்ம ஊருதான். மழை இல்லை. கோட்டு இல்லை. முகமூடின்னு சொல்றது, கட்டிங் டேபிள்ல மிஞ்சற பனியன் வேஸ்ட்டை மூஞ்சியில சுத்திக்கிட்டு மூணு பேரு. பறக்கறானுங்களா? இல்லை. சுவத்தை ஒடைக்கறானுங்களா? இல்லை. ஒரு மனுசன் எதைத் தொலைச்சுட்டு நிக்கறான்னு அவங்க கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான் சக்தி. அட கருமமே, இதை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கறதான்னு நெனைச்சேன்.

வில்லன் அதைவிட மோசம். துப்பாக்கி இல்லை, அடியாள் இல்லை. ஊருக்குள்ள ஒரு வீட்டுக்காரன். வாரத்துக்கு ஒருநாள் சனங்களை வீட்டுக்கு வரச்சொல்லுவான். நல்லாத்தான் வரவேப்பான். சனங்களும் ஆசையாத்தான் போவாங்க. ஆனா போயிட்டுத் திரும்பறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் என்னமோ ஒண்ணு கொறைஞ்சிருக்கும். ஒருத்தனுக்குச் சிரிப்பு போயிரும். ஒருத்திக்குப் பேச்சு போயிரும், வாயைத் தொறந்தா அந்த வீட்டுக்காரன் குரல்தான் வரும். அவனுக்கு அதெல்லாம் எடுக்கறோம்னே தெரியாதாம். சனங்களுக்கு நல்லது பண்றதாத்தான் நெனைச்சுக்கிட்டிருப்பானாம்.

"இப்படியெல்லாம் எவனாச்சும் இருப்பானா கண்ணு? வில்லன்னா அவனுக்குத் தெரிஞ்சே தப்புப் பண்ணோணும்"னேன்.

"தெரிஞ்சு பண்ணுனா மன்னிப்புக் கேக்க வச்சரலாமுங்ணா. தெரியாமப் பண்றவனை என்னங்க பண்றது? அதாங்க இந்தக் கதையில இருட்டு"ன்னா. வாத்தியாரம்மா பேச்சு.

எனக்குக் குடுத்த பாத்திரம், அந்த வீட்டுக்குப் புதுசா போற ஒரு விருந்தாளி. சரின்னு ஆடுனேன். ஆட ஆட, பொய் சொல்லக்கூடாது, கதை கொஞ்சம் உள்ள இழுத்துருச்சு. நந்தகோபால் அன்னைக்கு ஒரு தடவைகூடச் சிரிக்கலைங்க. பரவால்லையே, ஒழுக்கம் வந்துருச்சேன்னு நெனைச்சேன். அப்புறம் ரவூஃப் முறை வந்துச்சு. அவன் பாத்திரம் ஒரு சித்திரக்காரன். அந்த வீட்டுக்காரன் இவன் தீத்துன படத்தையெல்லாம் எடுத்து, முன்னப்பின்னத் தெரியாத எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டானாம், இவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. ரவூஃப் அதை மெதுவாத்தான் சொன்னான். எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சுங்க. "அடுத்தவன் உழைப்பை எடுத்துக் குடுக்க அவன் யாருடா?"ன்னு மேசையில குத்தீட்டேன். டைஸெல்லாம் உருண்டு கீழ விழுந்துருச்சு.

கோகிலவாணி எல்லாத்தையும் நிறுத்தீட்டு என்னைப் பாத்தா. "நீங்க அந்த வீட்டுக்குப் புதுசா வந்தவருங்ணா. அவன்மேல பழைய கோவம் எதும் உங்களுக்கு இல்லை. அதனால தீர்ப்பு நீங்கதான் சொல்லோணும். அவனை என்ன பண்ணலாம்?"

நான் யோசிச்சனுங்க. கேம் மாஸ்டர் புத்தி, சாதாரணமா முடிக்க முடியுமா? கொல்லலாம்னு நந்தகோபால் சொல்லிப் பாத்தான். "கொன்னா அவன் தியாகி ஆயிருவான்"னேன். அவன்கிட்டயே நேராச் சொல்லீரலாம்னு ரவூஃப் சொன்னான். "சொன்னாப் புரியற ஆளாடா அவன்? உனக்கே ஒழுக்கம் சொல்லிக் குடுப்பான்"னேன். "ஒண்ணும் பண்ண வேண்டாம். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். அவன் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது. அவ்வளவுதான். வாசலைப் பாத்துக்கிட்டு அவனா உக்காந்திருக்கட்டும். அதைவிடப் பெரிய தண்டனை கெடையாது"ன்னேன்.



"நெசமாலுமே அதானுங்களா அண்ணா?"ன்னா கோகிலவாணி.

"அதேதான்."

"டைஸ் உருட்ட வேண்டாமா?"ன்னான் ரவூஃப்.

"இதுக்கெதுக்குடா டைஸு?"ன்னேன். கோகிலவாணிக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. இத்தனை வருசத்துல என்ற வாயால ஒரு முடிவைக் கேட்டு ஒருத்தர் அழுதது அன்னைக்குத்தான்.

அப்புறம் டீ கிளாசையெல்லாம் கழுவிக் கவுத்து வச்சாங்க. சேரை உள்ள தள்ளி வச்சாங்க. சாவியை மேசைமேல வச்சாங்க. வாசல்ல நின்னு, "போறமுங்ணா"ன்னாங்க. போயிட்டு வர்றோம்னு சொல்லோணும்ங்க. இந்தக் காலத்துல படிச்சதுகளுக்கு அதுகூடத் தெரியறதில்லை. கூப்புட்டுத் திருத்தலாம்னு பாத்தேன், அதுக்குள்ள எறங்கிப் போயிட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கெழமை காலையில எந்திரிச்சு மேசையைத் தொடைச்சேன். குண்டாவைக் கழுவி வச்சேன். இருட்டுக் கதை கெடைக்காட்டிப் போகுது, பழைய ராஜா கதையையே நடத்தலாம்னு எழுதியெல்லாம் வச்சிருந்தேன். யாரும் வரலை. மத்தியானம் ஆச்சு, வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. வெக்கத்தை விட்டுச் சொல்றனுங்க, ஆளில்லாத இந்த மேசையைப் பாத்தா எனக்கு அழுகை வருது. கல்யாணங் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்காதவன். ஆறு நாள் கோளாறு பாத்துட்டு, ஏழாவது நாள் இந்த மூணு மூஞ்சியைப் பாக்கறதுதான் என்ற பொழைப்பு.

ரவூஃப் போனை எடுக்கலை. நந்தகோபால் எடுத்துட்டு, ஆடிட்டிங் வேலைன்னு வெச்சுட்டான். கோகிலவாணிகிட்டக் கேட்டேன், ஏன் கண்ணு, நான் என்ன கொறை வச்சேன்னு. கோவமில்லாமத்தான் பேசுனா. "தீர்ப்பு நீங்க சொன்னதுதானுங்ணா. நாங்களா ஒண்ணும் பண்ணலீங்க"ன்னா.

இதுக்கு என்னங்க அர்த்தம்? கதையில வர்ற ஒருத்தனுக்கு நான் தீர்ப்புச் சொன்னதுக்கும், நெசத்துல இவங்க வராம இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? ராத்திரி பகலா யோசிச்சும் எனக்குப் புடிபடலை. நீங்க பேங்க்ல இருக்கறவரு, உங்களுக்காச்சும் எதாச்சும் புரியுதா? வேண்டாம், நீங்க சொல்லாதீங்க, நானே சொல்றேன். அவளுக்கு அந்தக் கதை தலைக்கேறிப் போச்சு, அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணுங்க. அந்தத் தீர்ப்புல தப்பில்லை. அப்படி ஒருத்தன் எந்த ஊர்ல இருந்தாலும் சரி, அவன் வீட்டு வாசப்படியை ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. இன்னைக்கு நீங்க கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன்.